குடிசைக்கு நொச்சி இல்லை

எங்கள் வியாசர்பாடியில் ஒரு படிப்பகம். மாசத்துக்கு ஒருமுறை கவிதை வாசிப்பு நடக்கும். போன கூட்டத்தில் இருபது வயசுத் தம்பி ஒருவன் எழுந்து, வீட்டுக்கு வீடு வாள் வேண்டும் என்று ஒரு கவிதை வாசித்தான். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "அக்கா, கவிதைய வுடு. நெசமாவே கேக்குறேன். ராத்திரி பத்துப் பேரு வூட்டாண்ட வந்து நின்னா இன்னா எடுக்கிறது? வாளா, கம்பியா, கறிக்கத்தியா?"

சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. கைதட்டத் தெரிந்த எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எம்.ஏ. தமிழ் படித்தவள். வீட்டைக் காப்பது பற்றி இரண்டாயிரம் வருசமாகத் தமிழ் என்ன சொல்லியிருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல வேண்டாமா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

வீட்டைக் காப்பதற்குத் தமிழில் ஒரு திணையே இருக்கிறது. நொச்சி. முற்றுகையிட்டவன் உழிஞைப் பூச் சூடுவான். உள்ளே நின்று மதிலைக் காப்பவன் நொச்சிப் பூச் சூடுவான். தொல்காப்பியம் இதை உழிஞைக்குள்ளேயே அடக்கிவிட்டது. புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாகப் பிரித்துக் கொடுத்தது. வகுப்பில் இதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. மதில் இருந்தால்தானே நொச்சி? ஓலைத் தட்டிக்கு என்ன திணை? சேரியின் வாசலில் நின்றவள் என்ன பூச் சூடினாள்?

புறநானூற்றின் 95ஆம் பாட்டை எல்லோருக்கும் தெரியும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவனுடைய ஆயுதச் சாலையைப் பார்க்கிறாள். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் வைத்த பெரிய வீட்டில் ஆயுதங்கள் பளபளவென்று இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சின்ன வீட்டில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்கிறாள் என்று வாத்தியார் ரசித்து ரசித்துச் சொன்னார். நானும் ரசித்தேன். இப்போது படிக்கும்போது என் கண் அந்தக் கொல்லன் வீட்டிலேயே நிற்கிறது. ஊரிலுள்ள ஆயுதமெல்லாம் அந்த வீட்டுக்கு வருகிறது. அடித்து நேராக்கியதும் போய்விடுகிறது. அந்தச் சின்ன வீட்டுக்கு ஒரு பகை வந்தால் அவன் எதை எடுப்பான்? பாட்டுக்கு அதில் அக்கறை இல்லை. வாளைப் பாடுகிற மரபு வாள்காரனைத்தான் பாடும்.

அப்படியானால் தம்பியின் கவிதை தப்பா? தப்பில்லை. அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் இதைத்தான் நேராகப் பிடித்தார். இவ்வளவு கொடுமையையும் ஏன் பொறுத்துக்கொண்டார்கள், ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று கேட்டு அவரே பதில் சொல்கிறார்: சதுர்வர்ணம் அவர்கள் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்தது, ஏர் முனையை வாளாக அடித்துக்கொள்ளவும் அனுமதிக்கவில்லை. நாம் ஆயுதமில்லாமல் இருந்தது அகிம்சையால் இல்லை. அது நம்மீது போட்ட தடை. ஆகவே ஒரு சேரிப் பையன் கவிதையில் வாள் கேட்கும்போது அந்தத் தடையைத்தான் மிதிக்கிறான். அந்த அளவில் என் கைதட்டல் நியாயம்தான்.

ஆனால் அவன் டீக்கடையில் கேட்டது கவிதை இல்லையே. அது வீட்டைப் பற்றிய கேள்வி. அதை வெண்மணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1968 டிசம்பர் 25 இரவு. கூலியில் கூட அரைப்படி நெல் கேட்ட விவசாயத் தொழிலாளிகளின் தெருவுக்குள் நிலப்பிரபுக்களின் அடியாட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். எதிர்த்து நின்றவர்கள் கையில் இருந்தது கல்லும் தடியும். குண்டுக்கு முன்னால் கல் எவ்வளவு நேரம் நிற்கும்? ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். பெண்களும் குழந்தைகளும் வயசானவர்களும் ராமையாவின் குடிசைக்குள் ஒண்டினார்கள். 44 பேர் எரிந்தார்கள். அந்தக் குடிசையில் ஒரு வாள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. கூரை ஓலை, வெளியே துப்பாக்கி. வீட்டைக் காக்க முதலில் வீடு வேண்டும்.

இந்த வெண்மணியை வைத்து 1975இல் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' வந்தது. 1977இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. நிலப்பிரபுவின் ஆண்மைக் குறைவில் கொடுமையின் வேரைத் தேடிய நாவல் அது. கொன்றவனின் உடம்புக்குள் இவ்வளவு தூரம் புகுந்து பார்த்த பேனா, எரிந்த குடிசைக்குள் அதே அளவு புகுந்ததா? உள்ளே என்ன சாமான் இருந்தது, கதவு எப்படி இருந்தது, தண்ணீர் இருந்ததா? இவை அற்ப விவரங்கள் என்று இலக்கியவாதிகள் சொல்லலாம். எங்களுக்கு இந்த அற்பம்தான் உயிர்.

ஆயுதத்தை அதன் உண்மையான அளவில் வைத்த நாவல் என்று பூமணியின் 'வெக்கை'யைச் சொல்வேன். 1982இல் வந்தது. அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டத்தான் சிறுவன் சிதம்பரம் அரிவாளை ஓங்குகிறான். ஆள் செத்துப்போகிறான். இது ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. பிறகு நாவல் முழுக்க என்ன? அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிவது, பசிக்குக் கிடைத்ததைச் சமைப்பது, தண்ணீர் தேடுவது, வேறிடத்துக்கு அனுப்பிய அம்மாவையும் தங்கச்சியையும் நினைத்துக் கிடப்பது. அரிவாளை எடுத்த ஒரு நிமிசத்துக்கு ஒரு குடும்பம் எத்தனை நாள் வீடில்லாமல் அலைகிறது என்பதுதான் கதை. இதே நாவல் 2019இல் 'அசுரன்' ஆனபோது அந்த நிமிசம் பெரிதாகிவிட்டது. தகப்பன் ஒற்றை ஆளாக ஒரு கூட்டத்தை வெட்டிச் சாய்க்கிறார், தியேட்டரில் விசில். நிலத்தைப் பிடுங்கலாம், படிப்பைப் பிடுங்க முடியாது என்று கடைசியில் அவரே மகனுக்குச் சொல்கிறார். விசிலடித்தவன் காதில் எது தங்கியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்து 'கர்ணன்', 2021. இதைப் பேசாமல் தம்பிக்குப் பதில் சொல்ல முடியாது. அவன் கவிதையின் வாள் அங்கிருந்து வந்ததுதான். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் படை புகுந்து வீடு வீடாக நொறுக்கியது. அந்த ரணத்தின் மேல் எழுந்த படம் மாரி செல்வராஜுடையது. மேலே எறிந்த மீனை இரண்டாக வெட்டி ஊர் வாளை வாங்குகிறான் கர்ணன். அரிவாளை ஒரு சாதியின் பெருமையாக்கித் தமிழ் சினிமா வருசக்கணக்காக ஆடிய ஆட்டத்துக்கு இது சரியான எதிர்வினை. நம் ஊருக்கும் வாள் உண்டு, குதிரை உண்டு, தெய்வம் உண்டு என்று திரையில் பார்த்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. மறைக்கவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். போலீஸ் அடித்து நொறுக்கிய வீடுகளில் உண்மையில் இருந்தது என்ன? பாடுபட்டுச் சேர்த்த பாத்திரம், தானியம், டி.வி., தையல் மெசின். நம்மிடம் இதெல்லாம் இருப்பதைப் பொறுக்காமல் உடைத்தார்கள். வீடு வீடாக இருப்பதே அவர்களுக்கு எரிச்சல். படம் இந்தக் கதையை வாளின் கதையாக்கும்போது, ஊர் முழுக்கப் பட்ட அடிக்குப் பதில் ஒரு வீரனின் கைக்குள் சுருங்கிவிடுகிறது. குதிரையில் அவன் வந்து சேரும்வரை அடி வாங்கியவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வாள் எப்போதும் ஒருத்தனைத்தான் வீரனாக்கும். மிச்சப் பேரைப் பார்வையாளராக்கிவிடும். புறநானூறு நமக்கு விட்டுப்போன நோய் இது, எதிர்க்கும்போதும் ஒட்டிக்கொள்கிறது.

அப்படியென்றால் ஒரு தெருவே சேர்ந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டதை யாராவது எழுதியிருக்கிறார்களா? பாமா எழுதினார். 'கருக்கு', 1992. பனை மட்டையின் இரண்டு பக்க ரம்பப் பல்தான் கருக்கு. அதை இருபுறமும் கூர்மையான வாளோடு முன்னுரையில் அவரே சேர்த்துப் பேசுகிறார். ஆனால் நூலுக்குள் தெருவைக் காப்பாற்றியது எது? கல்லறை இடத்துக்காகப் பக்கத்துச் சாதிக்காரர்களோடு சண்டை. போலீஸ் வந்து ஆண்களைத் துரத்துகிறது. பெண்கள்தான் ஆட்களை ஒளிக்கிறார்கள், சோறு கொண்டுபோகிறார்கள், போலீசுக்குப் பதில் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு பையன் செத்துப்போகிறான். ஒளிந்திருக்கிற தகப்பன் மகன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவருக்குச் சேலை கட்டி, பெண்களோடு பெண்ணாகக் கூட்டி வருகிறார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். எந்த வாளாலும் அந்தத் தகப்பனை மகன் பிணத்தருகே கொண்டுவந்திருக்க முடியாது. ஒரு சேலை கொண்டுவந்தது. இதற்கு எந்தப் புறத்திணையிலும் துறை இல்லை. நாம்தான் பெயர் வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் ஆயா ஞாபகம் வருகிறது. ஆயாவின் மாமியார் புளியந்தோப்புக்காரி. 1921இல் பி அண்டு சி மில்லில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போனார்கள். தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் மூண்ட சண்டை சாதிச் சண்டையானது. ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. எரிந்தவர்கள் தரப்பில் எம்.சி. ராஜா பேசினார். தொழிற்சங்க வரலாறு எழுதியவர்கள் பலருக்கு நாங்கள் கருங்காலிகள், அவ்வளவுதான். மில் 1996இல் மூடிப் போச்சு. எங்கள் வீட்டில் அந்த நெருப்பு மட்டும் கதையாக மிஞ்சியது. மாமியார் சொன்னதை ஆயா இப்படிச் சொல்லும்: "ஒலக்கைய எடுத்துனு நிக்கலாம்தான். நெருப்பு ஒலக்கைக்கு பயப்படுமா? கோணிய தண்ணியில முக்கி, புள்ளைங்க மேல சுத்தினு இந்தப் பக்கம் ஓடியாந்துச்சாம்."

ஆயா சாகும்வரை ஓடு போட்ட வீட்டில்தான் இருந்தது. ஆனாலும் ராத்திரி படுக்கும்முன் வாசப்படி ஓரம் ரெண்டு குடம் தண்ணியும் ஒரு கோணியும் வைக்கும். எதுக்கு ஆயா என்றால், "இருக்கட்டுமே" என்னும். சேரியின் ஆயுதச் சாலை அதுதான் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. பீலியும் இல்லை, நெய்யும் இல்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். தம்பியின் கேள்விக்குச் சட்டமும் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஆள் குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைக்க வருகிறவனை, வேறு வழியே இல்லையென்றால், கொல்லும் அளவுக்குக்கூடத் தற்காப்பு உரிமை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 103ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 41ஆம் பிரிவு. ஆனால் வெண்மணியில் என்ன நடந்தது? தீ வைத்த வழக்கில் நிலப்பிரபுக்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதே இரவில் நிலப்பிரபுக்கள் தரப்பு ஆள் ஒருவர் இறந்த வழக்கில் தொழிலாளிகள் தண்டனை அனுபவித்தார்கள். உரிமை புத்தகத்தில் இருந்தது. எழுதப்பட்டது யாருக்கு என்பது தீர்ப்பில் தெரிந்தது.

ஆயுதச் சட்ட விதிகளும் அப்படித்தான். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான வாளும் கத்தியும் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை வராது. எழுத்தில் நல்ல விதி. எங்கள் தெருவில் மாட்டுக்கறிக் கடையில் வேலை செய்யும் பையனை ஒருநாள் ராத்திரி பிடித்துப் போனார்கள். அவன் தொழில் கத்தி மறுநாள் 'பயங்கர ஆயுதம்' ஆகிவிட்டது. வியாசர்பாடி என்று முகவரி இருந்தால் அரிவாள்மனையும் ஆயுதம். வடசென்னைப் படம் என்றாலே கத்தியைக் காட்டும் சினிமாவுக்கும் இதில் பங்கு உண்டு. தம்பி வாள் வாங்கி வைத்தால் அது வாசலில் வரும் கூட்டத்துக்கு முன்னால் எஃப்.ஐ.ஆருக்குத்தான் பயன்படும்.

ஒரு விதியை மட்டும் தோழர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, விதி 3. வன்கொடுமை நடக்கும் பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்கே பிற சாதியாரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்ய வேண்டும். தேவைப்பட்டால் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் ஆயுத உரிமம் வழங்க வேண்டும். அரசே எழுதி வைத்த வாசகம். நம் மாவட்டத்தில் எத்தனை உரிமம் ரத்து, எத்தனை உரிமம் வழங்கியது என்று ஆட்சியரிடம் தகவல் கேட்போம். வாள் கேட்டு எழுதும் ஒவ்வொரு கவிதையோடும் இந்த மனுவையும் சேர்த்து அனுப்புவோம்.

தம்பிக்கு நான் சொல்லப்போவது இதுதான். டேய், உன் வாளைக் கவிதையில் வைத்துக்கொள். அது அம்பேத்கர் சொன்ன தடைக்குப் பதில். வீட்டுக்குள் ஒருமுறை சுற்றிப் பார். கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா, பின்பக்கம் வெளியேற வழி இருக்கிறதா, பக்கத்து வீட்டு அக்கா உன் குரலுக்கு எழுந்து வருவாளா, வக்கீல் நம்பர் சுவரில் எழுதியிருக்கிறதா என்று பார். அடுத்த கூட்டத்துக்கு அதையெல்லாம் எழுதிக் கொண்டுவா. தண்ணிக் குடத்தை எழுது. ஈரக் கோணியை எழுது. கை தட்ட ஆள் குறைவாகத்தான் இருக்கும். நான் தட்டுகிறேன்.