கருணையும் உரிமையும்

சேவையாளர் வரலாறுகளை எழுதுவதில் எம்மிடையே ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. தாதியர்க்கு வழிகாட்டிய புளோரன்ஸ் நைற்றிங்கேலைப் பற்றி மாணவர் எழுதும் கட்டுரைகளில் விளக்குத் தவறாது இடம்பெறும். படைமருத்துவமனைகளின் இறப்புக்களைக் கணக்கிட்டு, அக்கணக்கைக் கொண்டே அரசினரை அசைத்த அவரது அறிவு இடம்பெறாது. கருணை எஞ்சுகிறது, போராட்டம் உதிர்ந்துவிடுகிறது. குற்றம் மாணவருடையதன்று; அவ்வாறு எழுதக் கற்பித்த ஆசிரியராகிய எம்முடையது.

எம் மண்ணோடு தொடர்புடைய டொக்டர் மேரி இரட்ணத்தின் வாழ்வை நோக்கும்போது இவ்வாய்பாட்டின் குறை நன்கு புலப்படும். கனடாவில் 1873இல் பிறந்த இவர், யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷனின் மருத்துவப் பணிக்கென 1896இல் இலங்கை வந்தவர். ஆயின், தமிழர் ஒருவரை மணந்தமையால் மிஷன் அவரை ஏற்க மறுத்தது. சகோதர அன்பைப் போதித்த நிறுவனம், அவ்வன்பு மணவாழ்வு வரை நீள்வதைப் பொறுக்கவில்லை. குடியேற்ற ஆட்சிக்காலக் கருணையின் எல்லை அதுவே: தமிழனை நோயாளியாகத் தொடலாம், கணவனாகக் கொள்ளலாகாது.

கொழும்பிலே தொடர்ந்த அவர் பணி மருந்தோடு நின்றுவிடவில்லை. 1927இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் அவர் முன்னின்றார். கிராமப் பெண்களை ஒன்றுதிரட்டும் லங்கா மகிளா சமித்தியை 1930இல் நிறுவினார். 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. 1958இல் மக்சேசே விருது பெற்று, 1962இல் மறைந்தார்.

இவ்விடத்து ஒரு முரணைச் சுட்டாதிருத்தல் நேர்மையாகாது. மருதனார்மடத்தில் 1913இல் பெண்களுக்கெனக் கல்லூரி அமைத்த சேர் பொன்னம்பலம் இராமநாதன், டொனமூர் ஆணைக்குழு வந்த காலத்தில் பெண்களின் வாக்குரிமையை எதிர்த்தார். கல்வியை ஈவது வள்ளன்மை. வாக்கை ஒப்புக்கொள்வது சமத்துவம். முன்னையது கொடுப்போனை உயர்த்தும். பின்னையது இருவரையும் ஒரே தளத்தில் நிறுத்தும். எம் சமூகம் வள்ளல்களை விரும்பிப் போற்றுவதன் இரகசியம் இதுதானோ?

வாக்குரிமைச் சங்கமும் குறையற்றதன்று. கற்றவரும் சொத்துடையவருமான பெண்களுக்கே அது முதலில் வாக்குக் கேட்டது. வரலாறு அதனைக் கடந்து சென்றது. 1931இல் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் வாக்குப் பெற்றனர். எனினும், வதிவிட நிபந்தனையாற் தோட்டத் தொழிலாளர் பலர் விலக்கப்பட்டனர். ஒருவரைப் போற்றுவதென்பது அவர் இயக்கத்தின் வர்க்க எல்லையை மறைப்பதன்று.

இது பழங்கதையுமன்று. இரவு முழுதும் விழித்து நோயாளரைப் பேணும் தாதியை மேடையிலே தெய்வமென வாழ்த்துவோர், அவளே ஊதிய உயர்வு கேட்டு வாயிலில் நிற்கும்போது முகஞ் சுளிக்கின்றனர். தெய்வத்துக்குச் சம்பளமில்லையல்லவா? கருணையை மட்டும் புகழும் எழுத்து, அறிந்தோ அறியாமலோ, அந்த முகச்சுளிப்புக்கே துணைபோகிறது. மேரி இரட்ணத்தை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர், அவரது மருந்துப் பெட்டியோடு வாக்குச்சீட்டையும் உடன் கொண்டுசெல்வாராக.