நின்று விளையாடியவர்

ஜல்லிக்கட்டு சீசன் முடிந்து திடல்களில் புழுதி அடங்கிவிட்டது. தச்சங்குறிச்சியில் தொடங்கிய ஓட்டம் ஓய்ந்து, மாடுகளெல்லாம் கொட்டகையில் பருத்திக்கொட்டை தின்றுகொண்டிருக்கின்றன. இந்தப் பத்திக்கு அலச மாடு இல்லாத வாரம். நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சென்னையில் படிக்கிற அக்கா மகன் போனை நீட்டினான். “மாமா, இதப் பாருங்க. உங்க வாடிவாசல விடப் பெரிய ஆட்டம்.”

ஜப்பான் கார்ட்டூன். அனிமே என்று சொல்ல வேண்டுமாம். ‘லெஜண்ட் ஆஃப் த கேலக்டிக் ஹீரோஸ்’ என்று பெயர். யோஷிகி தனாகா எழுதிய நாவல்களிலிருந்து எடுத்தது. 1988-ல் தொடங்கி 110 பகுதி. அவன் காட்டிய இடம் இதுதான். விண்வெளிப் போர். குடியரசுப் படையின் தளபதி யாங் வென்லி எதிரிச் சக்கரவர்த்தியாகப் போகிறவனின் கப்பலை வளைத்துவிட்டார். இன்னும் ஒரு உத்தரவு, ஆட்டம் முடிந்தது. அந்த நேரத்தில் தலைநகரிலிருந்து செய்தி வருகிறது: சண்டையை நிறுத்து. அனுப்பியவர் ஜோப் ட்ரூனிக்ட், மக்களாட்சியின் தலைவர், சீருடை போடாத அரசியல்வாதி. அவர் தலைக்கு மேல் எதிரிக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. யாங் நிறுத்திவிட்டார். கையில் கிடைத்த திமிலை விட்டுவிட்ட மாதிரி எனக்கு வயிறு எரிந்தது.

“சிவிலியன் தலைவர் சொன்னா ராணுவம் கேட்டாகணும் மாமா, அதான் இந்தக் கதையே” என்றான் பையன். இருக்கட்டும். ஆனால் ஆட்டம் பார்த்துப் பழகிய கண் யாங்கை விட்டுவிட்டு ட்ரூனிக்ட் மேலேயே போனது. போரில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில் என்ன குரல், என்ன ஏற்ற இறக்கம்! கூட்டமே எழுந்து நிற்கிறது. அங்கே ஜெசிகா எட்வர்ட்ஸ் என்ற பெண், மணக்கவிருந்தவனை அந்தப் போரில் இழந்தவள், எழுந்து கேட்கிறாள்: பிள்ளைகளை அனுப்புகிறீர்களே, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? பதில் இல்லை. பிறகு ராணுவப் புரட்சி நடந்த நாளில் ட்ரூனிக்ட் ஆளே காணோம். எல்லாம் அடங்கிய பின் சலவைச் சட்டையோடு வந்து சேர்கிறார். அதே புரட்சியின்போது விளையாட்டரங்கில் கூடிய மக்களுக்காகத் துப்பாக்கிகளின் முன்னால் நின்று செத்துப்போனவர் ஜெசிகா.

நம் பக்கம் மாடுகளை இரண்டாகப் பிரிப்போம். ஒன்று, வாசலைத் திறந்ததும் இடி மாதிரிப் பாய்ந்து, நேராகப் போய்ச் சேருகிற மாடு. பிடிபடாது, பரிசும் வரும். ஆனால் ஊருக்குப் போய்ச் சொல்ல அதில் ஒன்றும் இருக்காது. இன்னொன்று நின்னு வெளையாடுற மாடு. திடலில் நின்று, சுற்றி, வந்தவனையெல்லாம் மூச்சு வாங்க வைக்கும். அப்படி நிற்கிற மாடுதான் பிடிபடவும் செய்யும். ட்ரூனிக்ட் முதல் வகை.

இரண்டாம் வகைக்கு அனிமே தேட வேண்டாம். கோட்டையைப் பார்த்தபடி இருக்கும் நம் திருமயத்தில் 1887 ஆகஸ்ட் 19 அன்று ஒருவர் பிறந்தார். எஸ். சத்தியமூர்த்தி. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரி, சட்டக் கல்லூரி. சுகுண விலாச சபையில் நாடகம் நடித்தவர். குரலை எங்கே இறக்கி எங்கே வெட்ட வேண்டும் என்ற கணக்கு அந்த மேடையில் படிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அவரை அலச வேண்டிய களம் டெல்லியில் இருந்த மத்திய சட்டசபை. 1934 தேர்தலில் நீதிக்கட்சியின் ஏ. ராமசாமி முதலியாரைச் சென்னை நகரில் தோற்கடித்து உள்ளே போனார். சாதாரண எதிராளியா அவர்? பேச்சில் யாருக்கும் சளைக்காதவர். சபையில் காங்கிரஸ் அணிக்குத் தலைவர் புலாபாய் தேசாய், துணைத் தலைவர் சத்தியமூர்த்தி. தேசாய் நீண்ட இன்னிங்ஸ் ஆடும் வக்கீல். நம்மவர் பலம் கேள்வி நேரம். முதல் கேள்விக்கு அதிகாரி எழுதிவைத்த பதிலைப் படிப்பார், அது வாசல். அடுத்து வரும் துணைக் கேள்விதான் திடல். எழுதிவைத்த பதில் அங்கே உதவாது. ஒரு துணைக் கேள்வி, அந்தப் பதிலின் வாலைப் பிடித்து இன்னொன்று, பிறகு இன்னொன்று. கேள்வி நேரத்தில் அவர் எழுந்தாலே அரசுத் தரப்பு பெஞ்சில் நடுக்கம் என்று பெயர் வாங்கினார்.

இதில் ஒரு கொடுமை உண்டு. அந்த ஆட்டத்தில் நடுவரும் எதிரணிதான். சபை ஒரு மசோதாவைத் தோற்கடித்தாலும், வைஸ்ராய் தன் அதிகாரத்தால் சான்றளித்து அதைச் சட்டமாக்கிவிடலாம்; அப்படியே செய்தும் இருக்கிறார்கள். ஜெயித்தாலும் ஸ்கோர்போர்டில் ஏறாது. அந்த ஆட்டத்துக்கு ஒவ்வொரு நாளும் அதே தயாரிப்போடு ஒருவர் வந்து நின்றதுதான் எனக்கு அதிசயம்.

தோற்ற ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் அவரை வீரராக்குபவர்கள் நிறைய. சென்னை சட்டசபை, 1927. தேவதாசியாகப் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் டாக்டர் முத்துலட்சுமி. சத்தியமூர்த்தியைவிட ஒரு வயது மூத்தவர். அவரும் புதுக்கோட்டைக்காரர், மகாராஜா கல்லூரியில் படித்தவர். பெண் என்பதால் சேர்க்கவே எதிர்ப்பு வந்து, மன்னர் தலையிட்டுத்தான் இடம் கிடைத்தது. தாயார் சந்திரம்மாள் தேவதாசிச் சமூகத்திலிருந்து வந்தவர். கோயில் மரபு, கலை காக்கும் குலம் என்று நின்றது சத்தியமூர்த்தி தரப்பு. ஒரு டாக்டர், அதுவும் வீட்டுக்குள்ளிருந்து அந்த வாழ்க்கையை அறிந்தவர், எதிரில் நிற்கும்போது சொல்லழகு என்ன செய்யும்? தீர்மானம் நிறைவேறியது. 1929-ல் கோயில் மானிய நிலத்தைத் தாசித் தொழிலிலிருந்து பிரிக்கும் சட்டம் வந்தது. முழுத் தடை 1947-ல். நம் மாவட்டத்துக்காரர்கள் இருவர் மோதிய ஆட்டம் அது. நான் முத்துலட்சுமி பக்கம்தான் கை தட்டுவேன். சத்தியமூர்த்தியின் ஆட்டத்தில் குறை திறமையில் இல்லை, எந்தப் பக்கம் இறங்கினார் என்பதில். பேச வருபவருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு: எந்தப் பக்கத்துக்கும் அழகாகப் பேச வரும்.

1937-ல் காங்கிரஸ் மாகாணத் தேர்தலில் ஜெயித்தது. சத்தியமூர்த்திக்கு என்றிருந்த பல்கலைக்கழகத் தொகுதி ராஜாஜிக்குப் போனது, அமைச்சரவையும் ராஜாஜியுடையதே. அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தார். 1940-ல் காமராஜரைத் தலைவராக்கி, தானே அவருக்குக் கீழே செயலாளரானார். கேப்டனாக இருந்தவர் சீடனின் அணியில் ஆடுவதை கிரிக்கெட்டில் அபூர்வமாகப் பார்க்கிறோம்.

கைதட்டல் இல்லாத ஆட்டம் ஒன்று பாக்கி. 1939-ல் சென்னை மேயர். பதவிக்காலம் ஓராண்டு. நகரத்துக்குக் குடிதண்ணீர் போதவில்லை. போர் தொடங்கிவிட்ட காலம். காசு எங்கே என்று அரசு கேட்கும். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் வேண்டும் என்று வெள்ளைக்கார அரசோடு மல்லுக்கட்டினார். இங்கே துணைக் கேள்விக்கு வேலையில்லை. கோப்பு, மதிப்பீடு, நகல், மீண்டும் கோப்பு. 1940-ல் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் தேக்கத்தின் இன்றைய கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. ட்ரூனிக்டால் இதைச் செய்திருக்க முடியாது. இதற்கு எழுந்து நிற்கக் கூட்டம் கிடையாது.

1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம். கைது செய்து அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள். முதுகுத்தண்டு பாதிப்பு, சிறை, உடல் தாங்கவில்லை. 1943 மார்ச் 28-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் இறந்தார். வயது 55. பூண்டி அணை முடிந்தது 1944-ல். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள், சத்தியமூர்த்தி சாகர்.

இவ்வளவையும் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான், போனைக்கூட எடுக்கவில்லை. “சரிடா, உன் ஹாஸ்டல்ல தண்ணி எங்கேருந்து வருது?” என்றேன்.

“லாரில, மாமா.”