போன் அதிர்ந்தால் போதுமா?

அந்தமானில் மழை தகரக் கூரையில் கொட்டத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. போர்ட் பிளேரின் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) டெய்ரி ஃபார்ம் பகுதியில் பார்வையற்ற ஒருவர் அந்நேரம் டச் போனை எடுத்தால் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கின் குரல் எடுபடுமா? அப்போது கைகொடுப்பது அதிர்வுதான். திரையில் நகரும் விரல் ஒரு பட்டன் மேல் பட்டதும் போன் லேசாக நடுங்கும்.

காதும் கேளாதவருக்கு இதன் அருமை இன்னும் அதிகம். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1-ல் வெளியிட்ட ‘மணி’ செயலியின் முன் ரூபாய் நோட்டைக் காட்டினால், பாதி மடித்த நோட்டானாலும், அதன் மதிப்பைக் குரலிலும் அதிர்விலும் தெரிவிக்கும். நெட் தேவையில்லை. கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது.

ஆனால் சாதாரண அதிர்வு ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்பதோடு நின்றுவிடுகிறது. பழைய பட்டன் போனில் 5-ன் மேல் சிறு புள்ளி புடைத்திருக்கும். விரல் அதைப் பிடித்துவிட்டால் மேலே 2, கீழே 8 என்று மற்ற எண்கள் தாமாக வரும். கண்ணாடித் திரையில் எந்த எண்ணைத் தொட்டாலும் ஒரே நடுக்கம். அதுவும் போன் முழுக்க. யுபிஐ ரகசிய எண்ணைப் போடும்போதுதான் சிக்கலே. குரல் வந்தால் கடைக்காரருக்கும் கேட்கும். அதிர்வு மட்டும் வந்தால் போடுபவருக்கே எண் தெரியாது.

விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் ஒருபக்கம் கனத்த சிறு எடையைச் சுழற்றும் மோட்டார்தான். அது வேகம் பிடிக்கவும் நிற்கவும் நேரமாகும். விரல் சற்று விரைந்தால் முதல் பட்டனுக்கான அதிர்வு அடுத்த பட்டனில் வந்து சேரும். விலை கூடிய போன்களில் எடை சுழலாமல் முன்னும் பின்னும் அசையும். சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கும். காசுள்ளவனுக்குத்தான் தெளிவான அதிர்வு என்பது என்ன நியாயமோ!

அதிர்வால் விவரம் சொல்லவே முடியாது என்றும் தள்ளிவிட முடியாது. டெல்லி ஐஐடி உருவாக்கி, சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிக்கும் ஸ்மார்ட்கேன் என்ற பார்வையற்றோர் கைத்தடி 2014 முதல் அதைச் செய்துவருகிறது. எதிரே உள்ள தடை நெருங்க நெருங்க அதன் அதிர்வுத் தாளம் மாறும். கைத்தடியில் முடிந்தது போனில் ஏன் முடியாது? ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தாளம் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல் சொல்லிவிட்டது. எனவே வங்கிகள் தங்கள் செயலியை வெளியிடும் முன், விலை குறைந்த போன் ஒன்றில் ஏற்றி, பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்து, சந்தைக்கடை இரைச்சலில் இயர்போன் இல்லாமல் பணம் அனுப்பச் சொல்லிப் பார்க்கட்டும்.