திரையிடல் ஒதுக்கீடும் முதலீட்டு விதிகளும்: தென்கொரியத் திரைத்துறையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

தென்கொரியத் திரையரங்குகள் உள்நாட்டுப் படங்களைத் திரையிட வேண்டிய கட்டாய நாள்கள், 2006 ஜூலையில் ஆண்டுக்கு 146இலிருந்து 73ஆகக் குறைக்கப்பட்டன. அமெரிக்காவுடனான தடையற்ற வணிக ஒப்பந்தப் பேச்சுவார்த்தையையொட்டி நிகழ்ந்த இம்மாற்றம் பற்றிய விவாதம் பெரும்பாலும் நாள்களின் எண்ணிக்கையையே மையமாகக் கொண்டது. அவ்வெண்ணிக்கையை மீண்டும் உயர்த்தும் உரிமையை அரசு இழந்ததே முதன்மையான விளைவு என இக்கட்டுரை வாதிடுகிறது.

1980களின் நடுப்பகுதி வரை வெளிநாட்டுப் படங்களை உள்நாட்டு நிறுவனங்களே இறக்குமதி செய்தன. இறக்குமதி உரிமம் கொரியப் படத் தயாரிப்புடன் பிணைக்கப்பட்டிருந்ததால், ஹாலிவுட் படங்களின் இலாபம் உள்நாட்டுத் தயாரிப்புக்கும் முதலாயிற்று. உரிமத்துக்காகவே அவசரமாக எடுக்கப்பட்ட தரங்குறைந்த படங்களும் இம்முறையின் விளைவே. பின்னர்ச் சட்டத் திருத்தம் அந்நிய நிறுவனங்களுக்கு விநியோகத்தைத் திறந்துவிட்டது. 1988இல் யுஐபி நிறுவனம் 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' படத்தைத் தானே வெளியிட்டது. 1993இல் கொரியப் படங்களின் சந்தைப் பங்கு ஏறத்தாழ 16 விழுக்காடாகச் சரிந்தது.

இச்சரிவின்போதும் 146 நாள் ஒதுக்கீடு சட்டத்தில் இருந்தது. திரையரங்குகள் பல அதனை மீறின. 1993இல் திரைத்துறையினர் கண்காணிப்பு அமைப்பை உருவாக்கிய பின்னரே நடைமுறை இறுகியது. எனவே ஒதுக்கீடு மட்டுமே தொழிலைக் காத்தது என்னும் ஆதரவாளர் கூற்று ஏற்கத்தக்கதன்று. 2006இல் உள்நாட்டுப் படங்களின் பங்கு 60 விழுக்காட்டைக் கடந்ததைச் சுட்டி, ஒதுக்கீடே தேவையற்றது என்போரின் வாதமும் வலுவற்றது. பதின்மூன்று ஆண்டுகளில் இவ்வளவு உயர்ந்த பங்கு மீண்டும் சரியவும் கூடும்.

2012இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அச்சரிவுக்கு இடம்வைக்கவில்லை. அதன்படி 73 நாள்களே உச்சவரம்பு. கொரியா தானாக முன்வந்து மேலும் குறைத்தால், குறைந்த அளவே புதிய வரம்பாகிவிடும். நுழைவுச்சீட்டுக் கட்டணத்தில் 3 விழுக்காடு பெற்று 2007 முதல் திரட்டப்படும் திரைப்பட நிதி இவ்விழப்பை ஈடுசெய்யும் எனலாம். ஆயின் நிதி தயாரிப்புக்குத் துணைநிற்குமேயன்றித் திரையரங்கில் இடத்தை உறுதிசெய்யாது.

ஆகவே அந்நிய முதலீட்டு விதிகளின் தாக்கத்தைச் சந்தைப் பங்கைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. விதி தவறெனத் தெரியவரும்போது அதனைத் திருத்தும் அதிகாரம் எவரிடம் எஞ்சியுள்ளது என்பதும் ஆய்வுக்குரிய அளவுகோலாக வேண்டும்.