படத்தில் இல்லாத வீரர்

ககாரின் விண்வெளிக்குப் போய்த் திரும்பிச் சில வாரங்களே ஆகியிருந்த 1961 மே மாதத்தில், கருங்கடல் கரையிலுள்ள சோச்சி நகரில் ஒரு குழுப் படம் எடுக்கப்பட்டது. ககாரினோடு சக வீரர்களும் தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரொல்யோவும் அதில் இருக்கிறார்கள். சோவியத் வெளியீடுகளில் அந்தப் படம் இரண்டு விதமாக வந்தது. ஒன்றில் ஓர் இளைஞரின் முகம் தெளிவாகத் தெரிகிறது. மற்றதில் அவர் இருந்த இடத்தில் வெறும் பின்னணிதான். இரண்டையும் அருகருகே வைத்து "இவர் யார், எங்கே போனார்?" என்று கேட்டவர் அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஓபர்க்.

விண்வெளி வரலாற்றை எழுதுகிறவர்கள் என்றதும் நினைவுக்கு வருவது சாதனையை உயிரோட்டத்தோடு சொன்னவர்கள்தான். நிலவுக்குப் போய்வந்த அப்பல்லோ வீரர்களைத் தேடிப் பேட்டி கண்டு, 1994-இல் 'எ மேன் ஆன் த மூன்' எழுதிய ஆண்ட்ரூ செய்கின் அவர்களில் முதன்மையானவர். அந்த நூலின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு ஆவணங்கள் இருந்தன, பேசத் தயாராக இருந்த மனிதர்களும் இருந்தார்கள். எதுவுமே கிடைக்காத இடத்தில் வரலாறு எழுதியவர்களின் உழைப்பு வேறு வகை. இந்தத் துறையின் ஆகச் சிறந்த எழுத்து அங்கேதான் பிறந்தது என்பது என் எண்ணம்.

ஓபர்க் ஹூஸ்டனிலுள்ள நாசா மையத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றிய பொறியாளர். ரஷ்ய மொழி அறிந்தவர். 1981-இல் வந்த 'ரெட் ஸ்டார் இன் ஆர்பிட்' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அவர் கைக்கொண்ட முறை எளியது: சோவியத் வெளியீடுகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவை முரண்படும் இடத்தில் நின்று விசாரிப்பது. அதே காலத்தில் இங்கிலாந்தின் கெட்டரிங் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரி, மாணவர்களோடு சேர்ந்து செயற்கைக்கோள்களின் ரேடியோ ஒலிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றுப்பாதைகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, வடக்கு ரஷ்யாவில் பிளெசெட்ஸ்க் என்ற ரகசிய ஏவுதளம் இருப்பதை 1966-இலேயே அவர்கள் கண்டுசொன்னார்கள்.

படத்திலிருந்து அழிக்கப்பட்டவர் கிரிகோரி நெல்யூபொவ். முதல் பயணத்துக்குப் பயிற்சி பெற்ற அறுவரில் ஒருவர். ரயில் நிலையத்தில் ராணுவக் காவலர்களோடு நேர்ந்த தகராறுக்குப் பிறகு 1963-இல் வேறு இருவரோடு வெளியேற்றப்பட்டார். 1966-இல் ரயிலில் அடிபட்டு இறந்தார். விண்வெளியில் அவர் சாகவில்லை. ஆனால் அழித்த இடத்தை வதந்தி நிரப்பியது. விண்ணில் மாண்ட வீரர்களை சோவியத் அரசு மறைக்கிறது என்ற கதைகள் மேற்கில் பரவின. வீரர்களின் கடைசிக் குரலைப் பதிவு செய்ததாக இத்தாலியச் சகோதரர்கள் இருவர் சொல்லிவந்தார்கள். ஓபர்க் அதை ஏற்கவில்லை. அரசின் பொய்யை அம்பலப்படுத்தியவர், அந்தப் பொய்யின் மேல் எழுந்த கற்பனையையும் அதே கறாரோடு மறுத்தார். அவரை நான் மதிப்பது முதலில் இதற்காகத்தான்.

உண்மையில் ஒரு மரணம் நடந்திருந்தது, தரையில். முதல் குழுவின் ஆக இளையவரான 24 வயது வலென்தின் பொந்தரேன்கோ, 1961 மார்ச் 23 அன்று ஆக்சிஜன் மிகுந்த சோதனை அறையில் தனிமைப் பயிற்சியில் இருந்தார். உடலில் ஒட்டியிருந்த உணர்விகளைக் கழற்றி, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தோலைத் துடைத்துவிட்டு அதை வீசினார். பஞ்சு மின்அடுப்பின் மேல் விழுந்தது. நொடியில் அறை பற்றிக்கொண்டது. அழுத்த வேறுபாட்டால் கதவை உடனே திறக்க முடியவில்லை. சில மணி நேரத்தில் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. ககாரின் புறப்பட அப்போது மூன்று வாரம்கூட இல்லை.

இதைச் சோவியத் வாசகர்களுக்கு முதலில் சொன்னவர் யாரோஸ்லாவ் கொலொவானொவ். 'இஸ்வெஸ்தியா' நாளிதழில், 1986-இல். ராக்கெட் பொறியியல் படித்துப் பத்திரிகையாளரானவர். விண்வெளிக்குப் பத்திரிகையாளர் ஒருவரை அனுப்பும் யோசனை 1965-இல் எழுந்தபோது தேர்வான மூவரில் ஒருவர். வீரர்களையும் பொறியாளர்களையும் நேரில் அறிந்தவர். ஆனாலும், கொரொல்யோவ் உயிரோடு இருந்தவரை அவர் பெயரைக்கூட எந்த இதழும் அச்சிட முடியவில்லை. 'தலைமை வடிவமைப்பாளர்' என்றுதான் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தபடியே குறிப்புகளைச் சேர்த்துவந்த கொலொவானொவ், கொரொல்யோவின் பெரிய வாழ்க்கை வரலாற்றை 1994-இல்தான் வெளியிட்டார். ஓபர்க் வெளியிலிருந்து யூகித்துத் தேடியதை இவர் பல ஆண்டுகள் மனத்துக்குள் சுமந்திருக்கிறார். அந்தச் சுமை பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை.

சோவியத் ஒன்றியம் கலைந்தபின் பொறியாளர்களின் நாட்குறிப்புகளும் நினைவுகளும் அச்சேறின. அவற்றைக் கொண்டு ஆசிஃப் சித்திக்கி எழுதிய 'சேலஞ்ச் டு அப்பல்லோ', ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நூல், 2000-இல் நாசா வெளியீடாகவே வந்தது. ஓபர்க் தலைமுறையின் யூகங்களில் எது நின்றது, எது விழுந்தது என்பதை இதில் சரிபார்க்கலாம்.

மறைப்பையும் வதந்தியையும் ஒரே கறாரோடு விசாரிக்கும் அந்த முறை ரஷ்யாவோடு முடிந்துவிடவில்லை. 1996 பிப்ரவரியில் சீனாவின் ஷிச்சாங் தளத்திலிருந்து கிளம்பிய லாங் மார்ச் ராக்கெட் நொடிகளில் சாய்ந்து, அருகிலிருந்த குடியிருப்புப் பக்கம் விழுந்து வெடித்தது. அரசு சொன்ன சாவு எண்ணிக்கை 6. மேற்கில் பலர் நூற்றுக்கணக்கானோர் என்றார்கள். சென் லான் என்ற எழுத்தாளர், அங்கே பணியாற்றியவர்களின் நினைவுகளைத் திரட்டி, ஏவுதலுக்கு முன்பே ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டிருந்ததைக் காட்டி, பெருங்கொலை நடந்தது என்ற ஊகத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார். அரசின் ஆவணங்கள் இன்னும் திறக்கப்படவில்லை.