பாட்டுல யாரு பேரு கீது?

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருசத்தில் நாளுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்வார்கள். டிசம்பர் 31 அன்று திருப்படித் திருவிழா. படிக்குப் படி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே ஜனங்கள் மேலே ஏறுவார்கள். திருப்புகழ் யார் பாடினது? ஐந்தாவது படிக்கிற பையனைக் கேளுங்கள், அருணகிரிநாதர் என்று சொல்லிவிடுவான். எத்தனை நூற்றாண்டு போயும் பேர் போகவில்லை. இதே மலையில்தான் ஒரு கிழவர் வந்து முத்துசுவாமி தீட்சிதர் வாயில் கற்கண்டு போட்டாராம், அவருடைய முதல் கீர்த்தனை பிறந்ததாம். அன்றிலிருந்து அவர் பாட்டுகளில் 'குருகுஹ' என்று முத்திரை. பாட்டுக்குள்ளேயே கையெழுத்தைப் போட்டு வைத்துவிடுகிற ஏற்பாடு. நிலத்துக்குப் பட்டா மாதிரி. சொல்லையும் மெட்டையும் ஒருத்தரே கட்டினால் அவருக்கு வாக்கேயகாரர் என்று பட்டமும் உண்டு.

மலைக்குக் கீழே எங்கள் சேரியில் என் ஆயா இருந்தாள். சாவு விழுந்த வீட்டில் உட்கார்ந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுவாள். செத்தவன் யார் கழனியில் ஏர் ஓட்டினான், யாரிடம் அடி வாங்கினான், மருமகளோடு எதற்குச் சண்டை, தறிக்காரனிடம் வாங்கின முன்பணத்தில் எவ்வளவு பாக்கி, எல்லாம் அந்த நிமிசத்தில் பாட்டாக வந்து விழும். இரண்டு ஊர் தள்ளியிருந்தும் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். சொல்லும் அவளுது, மெட்டும் அவளுது. வாக்கேயகாரி என்று யாரும் பட்டம் கொடுக்கவில்லை. 'கெழவி நல்லா அழறா' என்றார்கள், அவ்வளவுதான்.

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு படித்தவர் டேப் ரெக்கார்டரோடு வந்தார். திண்ணையில் உட்காரவைத்து ஆயாவை மத்தியானம் பூராவும் பாட வைத்தார். செத்தவர் யாருமில்லாமல் எப்படிப் பாடுவது என்று அவள் தயங்கினாள். 'யாரையாவது நெனைச்சுக்கம்மா' என்றார். செத்துப்போன தன் மூத்த பிள்ளையை நினைத்துக்கொண்டு பாடினாள். பாடி முடித்தும் அழுகை நிற்கவில்லை, அவர் டேப்பை நிறுத்திவிட்டார். பல வருசம் கழித்து ஒரு நூலகத்தில் அந்தப் புத்தகம் என் கையில் கிடைத்தது. தொகுத்தவர் பேர் அட்டையில் பெரிய எழுத்தில். ஆயாவின் பாட்டுக்கு அடியில் 'பாடியவர்: ஒரு தாழ்த்தப்பட்ட மூதாட்டி'.

இந்தக் கதை தெரிந்தால்தான் இந்த வயதில் எனக்குப் பிடித்திருக்கிற கிறுக்கு உங்களுக்குப் புரியும். நான் தெருக்குரல் அறிவின் ரசிகன். விசிலடிச்சான் குஞ்சு என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பாட்டு வருகிறதென்று தெரிந்தால் ராத்திரி தூக்கம் வராது. அறிவு அரக்கோணத்துப் பிள்ளை. திருத்தணியிலிருந்து ரயில் ஏறினால் அடுத்தாற்போல அரக்கோணம்தான். பக்கத்து ஊர்ப் பாசமும் இதில் கலந்திருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் பாசத்துக்காக மட்டும் இத்தனை பக்கம் எழுதமாட்டேன்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்த பேர். கானா, பறை, கிடார், ராப் எல்லாம் ஒரே மேடையில். இழவு வீட்டுக்கு வெளியே போகக்கூடாதென்று ஒதுக்கிவைத்திருந்த கானா, மைக் முன்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. அந்தக் கூட்டத்தில் தலையை ஆட்டி ஆட்டிக் கொட்டின பையன்களில் ஒருத்தன் அறிவு.

அடுத்த வருசம் ஒஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' தொகுப்பு. 'கள்ளமௌனி'யைக் கேட்டபோது, பேசவேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த என் நண்பர்கள் சிலர் ஞாபகத்துக்கு வந்தார்கள், நானும்தான். 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் செத்துப்போன ஸ்னோலின் பேரிலேயே ஒரு பாட்டு. பேரைச் சொல்வது அப்போதே அவருக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. ஆனாலும் எனக்கு அந்தத் தொகுப்பில் குறை உண்டு. வேகம் ஜாஸ்தி. வார்த்தை வார்த்தைமேல் ஏறி மிதிக்கிறது. சில இடத்தில் கைதட்டலை எதிர்பார்த்தே வரி எழுதப்பட்டிருக்கிறது. ஆயா ஒரு வரி பாடிவிட்டு மூக்கைச் சிந்திக்கொள்கிற நேரம் இருக்கிறதே, கேட்கிறவன் நெஞ்சில் அந்த இடைவெளியில்தான் பாட்டு இறங்கும். அந்த இடைவெளி 'தெருக்குர'லில் இல்லை.

அது 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யில் கிடைத்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டவர். காடு திருத்தினவர்களுக்குக் காணி இல்லை, திரும்பி வந்தவர்களுக்கு இங்கேயும் இல்லை. 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களை மூட்டைபோலப் பங்குபோட்டது. அந்த வரலாறு பாட்டுக்குள் இருக்கிறது. 'எஞ்சாமி' என்கிற சொல்லைப் பாருங்கள். என் சாமி. ஆயா என்னை மடியில் போட்டுக் கொஞ்சினது அந்தச் சொல்லில்தான். பண்ணைக்காரர் வாசலில் கைகட்டி நின்று கூப்பிட்டதும் அதே சொல்லில்தான். கொஞ்சலும் கும்பிடும் ஒரே சொல்லில். கும்பிடைக் கழித்துவிட்டுக் கொஞ்சலை மட்டும் மீட்டெடுத்தது அந்தப் பாட்டின் சாதனை என்பேன். ஊர்த்தெருக் கல்யாண மண்டபத்தில் அதைப் போட்டு ஆடினார்கள். நிலம் பறிபோன பாட்டுக்கு நிலம் வைத்திருக்கிறவன் ஆடுகிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

பாட்டின் முகப்பில் 'தீ, ஃபீச்சரிங் அறிவு' என்று போட்டிருந்தது. எழுதினவன் 'உடன்' வந்தவனாக நிற்கிறான். ஆகஸ்ட் 2021இல் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டபிறகு அறிவுக்கென்று தனியாக ஒரு இணைய அட்டை போட்டார்கள். பந்தி முடிந்தபிறகு இலை போடுவது நமக்குப் பழக்கம்தானே. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அந்தப் பாட்டைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். மாரியம்மாள் அம்மாளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகுதான் அறிவு வாய் திறந்தார், எழுதியது இயற்றியது பாடியது தான் என்றார். சந்தோஷ் நாராயணன், இசையமைப்பும் ஒலியமைப்பும் தன் வேலை, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று அறிக்கை விட்டார். தீ, கிடைத்த இடமெல்லாம் அறிவின் பேரைத் தான் சொல்லியிருப்பதாகச் சொன்னார். 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து வருமானம் என்று எதுவும் வரவேயில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளியில் சொன்னார். மூன்று பேரையும் வில்லனாக்க எனக்கு ஆசையில்லை. சினிமா நம் காதைப் பழக்கியிருக்கிற விதம் ஒன்று இருக்கிறது. எழுதுகிறவர் ஒருத்தர், மெட்டுப் போடுகிறவர் ஒருத்தர், பாடுகிறவர் ஒருத்தர். இதில் மூன்றையும் ஒருத்தனே செய்கிறேன் என்று வந்து நின்றால், அவனுக்கு எந்த நாற்காலியைப் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. மேலே தீட்சிதருக்குப் போட்ட நாற்காலி கீழே ஒப்பாரிக்காரி பேரனுக்கு இல்லை.

இங்கே தோழர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். 'பாட்டு மக்களுது, அதுல பேரு போடறது தனியுடைமை இல்லையா?' நான் இந்த வாதத்தில் வளர்ந்தவன். எங்கள் ஊர் 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் எல்லாம் போராடினார்கள். (ஊர் யாருது என்று இரண்டு அரசாங்கம் வழக்காடியது, சேரி யாருது என்று கேட்கத்தான் ஆளில்லை.) இன்றைக்கும் எங்களில் பாதிப்பேர் வீட்டில் தெலுங்குதான். அதனால் கத்தரின் கேசட் எங்களுக்கு நேராகவே வந்து சேர்ந்தது. கும்மடி விட்டல் ராவ், தூப்ரானில் பிறந்த தலித். கதர் கட்சி ஞாபகமாகத் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பேர் கத்தர். ஜன நாட்டிய மண்டலியில் பாடினார். 1997இல் சுடப்பட்டார், முதுகுத்தண்டில் தங்கிய குண்டோடு பாடினார், 2023 ஆகஸ்ட் 6இல் இறந்தார். மக்கள் பாட்டுக்கு அவரைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவருக்கு ஒரு பேர் இருந்தது. அதைக் கேட்டால் போலீசும் பயந்தது, கூட்டமும் கூடியது. பேர் உள்ளவன் 'இது என்னுது இல்ல, மக்களுது' என்று சொன்னால் அது தியாகம். பேரே இல்லாதவளைப் பார்த்து அடுத்தவன் 'இது உன்னுது இல்ல, மக்களுது' என்று சொன்னால் அதற்கு வேறு வார்த்தை. டேப் ரெக்கார்டரோடு வந்தவரும் அதைத்தான் சொன்னார், 'வாய்மொழி மரபு' என்கிற பாஷையில்.

பெங்களூரில் வேலை செய்கிற என் அக்கா மகன் போனில் அமெரிக்கப் பாட்டுகளை அனுப்புவான். கிடாரை வைத்துக்கொண்டு தானே எழுதித் தானே பாடுகிற ஆட்கள். நாட்டுப்புறம், ப்ளூஸ், கன்ட்ரி கலந்த இந்த வகைக்கு 'அமெரிக்கானா' என்று பேராம். நானும் விழுந்து விழுந்து கேட்டேன். கேட்கக் கேட்க அங்கேயும் ஒரு சேரி தெரிந்தது. அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாக வந்தவர்களின் வாத்தியம். 1920களில் ரெக்கார்டு கம்பெனிகள் கறுப்பர் பாடினதை 'ரேஸ்' என்றும் கிராமத்து வெள்ளையர் பாடினதை 'ஹில்பில்லி' என்றும் தனித்தனியாக விற்றன. எலிசபெத் காட்டன் என்கிற கறுப்பினப் பெண், சின்ன வயதிலேயே 'ஃப்ரெய்ட் ட்ரெயின்' என்று ஒரு பாட்டுக் கட்டினார். பிற்பாடு சீகர் குடும்பத்தில் வீட்டு வேலை செய்தார். அந்தப் பாட்டு 1950களில் இங்கிலாந்துக்குப் போய் வேறு ஆட்கள் பேரில் அச்சாகிவிட்டது. போராடித்தான் அவர் பேர் திரும்ப ஏறியது. 1985இல் தொண்ணூறு வயது வாக்கில் அவருக்கு கிராமி விருது. இன்னொரு பக்கம் டிரேசி சாப்மன். 1988இல் 'ஃபாஸ்ட் கார்' எழுதிப் பாடினார். 2023இல் லூக் கோம்ப்ஸ் என்கிற வெள்ளைக்காரர் அதையே பாடி ஊரைக் கலக்கினார். ஆனால் பாட்டில் சாப்மன் பேர் பேராகவே இருந்தது. கன்ட்ரி இசைச் சங்கத்தின் அந்த வருசத்துப் பாட்டு விருது, எழுதின சாப்மனுக்குப் போனது. அந்த விருதை வாங்கின முதல் கறுப்பினப் பெண். யாரும் பாடட்டும், ஆடட்டும், எழுதினவள் பேரைத் தொடாதே. அறிவு கேட்டதும் இவ்வளவுதான்.

2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' முதல் தொகுதி வந்தது. பாட்டைக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பேரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பன் பேரை இனிஷியலாகப் போடுகிற நாட்டில் ஒருத்தன் பாட்டி பேரை முன்னால் போட்டிருக்கிறான். 'ஒரு மூதாட்டி' இல்லை. வள்ளியம்மா. முத்திரை பாட்டுக்குள்ளே ஒளிந்திருக்கவில்லை, நெற்றியில் இருக்கிறது. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு வள்ளி உண்டு, முருகன் அவளைக் கட்டிக்கொண்ட மலை இது. என் ஆயா பேரும் வள்ளியம்மாதான். அது எனக்கே அவள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போதுதான் தெரிந்தது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். அந்தத் தெய்வ வள்ளியும் வேடர் வீட்டுப் பெண், தினைக்காட்டில் ஆலோலம் பாடிக் கிளி ஓட்டின பாட்டுக்காரி. 365 படியிலும் அவள் புருசனைப் பற்றித்தான் பாட்டு.

தொகுதி முழுக்கவும் எனக்குத் திருப்தி என்று சொல்லமாட்டேன். மூச்சு நிதானப்பட்டிருக்கிறது, வார்த்தைக்கு இடம் விடுகிறார், அது பெரிய வளர்ச்சி. ஆனால் ஸ்டுடியோப் பளபளப்பு கூடின இடங்களில் தொண்டைக் கரகரப்பு அடியில் போய்விடுகிறது. முதல் தொகுதி என்று போட்டிருந்ததால், கேட்ட அன்றைக்கே அடுத்த தொகுதிக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்தேன். வள்ளியம்மாவின் பேரன் பாடிவிட்டான், வள்ளியம்மா பாடணும். பேராண்டி தாளத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, மூக்கைச் சிந்துகிற சத்தம் உட்பட அப்படியே விட்டுவிடணும்.

போன மாசம் எங்கள் தெருவில் ஒரு சாவு. எழுபது தாண்டின ஒரு கிழவி வந்து பாடினாள், ஆயாவுக்கு அப்புறம் அப்படி நான் கேட்டதில்லை. ராத்திரி, டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து பேர் கேட்டேன்.

'பேரா? அது இன்னாத்துக்கு ஒனக்கு? நூறுநாள் வேலை அட்டையில கீது, பாத்து எய்திக்கோ.'

அட்டையில் ஒரு எழுத்து தப்பாக அடித்திருந்தார்கள். அவளே திருத்திச் சொன்னாள். உன் பாட்டைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதப்போகிறேன், பேர் போடட்டுமா என்றேன்.

'போட்டா துட்டு குடுப்பானா?'

தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் ஆயா என்றேன்.

'மொதல்ல கேட்டுக்கினு வா. பேரு அப்பால போடலாம்.'

ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வருகிறவரைக்கும் அவள் பேர் என் நோட்டில் இருக்கிறது.