குடாநாட்டுத் தெருக்களும் புகைப்படச் சான்றும்: ஒரு விமரிசன நோக்கு

யாழ்ப்பாண வரலாற்றை எழுதப் புகுந்தோர் யாழ்ப்பாண வைபவமாலை, ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள், ஆங்கிலேயர் ஆட்சிக்கால அறிக்கைகள் ஆகியவற்றையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டனர். ஆயின், மக்கள் நாளாந்தம் நடந்து திரிந்த தெருவுக்கும் ஒழுங்கைக்கும் இச்சான்றுகளில் மிகக் குறைந்த இடமே உண்டு. அரசரும் ஆலயமும் காணியும் பதிவாகிய அளவிற்கு வீதியோர வாழ்வு பதிவாகவில்லை. இக்குறையை நிரப்பும் ஆற்றல் புகைப்படத்திற்கு உண்டு. அவ்வாற்றலை நாம் எத்துணை தூரம் பயன்படுத்தியுள்ளோம் என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிற நாட்டு முயற்சியொன்றை ஈண்டு ஒப்புநோக்கல் பயனுடைத்து. இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ஒக்ஸ்போட் நகரில் வாழ்ந்த ஹென்றி ரோன்ற் (1842–1922) என்பார் புகழ்பெற்ற கல்லூரிகளை மட்டுமன்றி, கடைத்தெருக்களையும் படகுத்துறைகளையும் தொழில் புரிவோரையும் படம்பிடித்தார். 1897 இல் அந்நாட்டில் தொடங்கப்பெற்ற தேசிய புகைப்படப் பதிவுச் சங்கம், மறைந்துகொண்டிருந்த கட்டடங்களையும் வழக்கங்களையும் வருந்தலைமுறைக்கென ஆவணப்படுத்த முனைந்தது. இவற்றின் சிறப்பு படங்களின் அழகில் மாத்திரம் தங்கியதன்று. சாதாரணமானதும் வரலாறே என்னும் கொள்கை அவற்றுக்கு அடிப்படையாயிருந்தமையே முக்கியமாகும்.

எமது நிலை வேறானது. 1672 இல் வெளிவந்த பால்டேயஸ் பாதிரியாரின் நூலிலுள்ள செதுக்கோவியங்கள் குடாநாட்டுத் தேவாலயங்களை முதன்மைப்படுத்தின. புகைப்படக்கருவி வந்த பின்னரும் பார்வை பெரிதும் மாறவில்லை. கோட்டை, வேல்ஸ் இளவரசரின் 1875 ஆம் ஆண்டு வருகையை நினைவுகூரும் மணிக்கூட்டுக் கோபுரம், நல்லூர்க் கந்தசுவாமி கோயில், பொது நூலகம் என்பனவே நூல்களிலும் நாட்காட்டிகளிலும் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. இவை படம்பிடிக்கத் தகாதன என்பது எமது கருத்தன்று. ஆனால், ஊருக்குப் புதிதாய் வந்தவன் காண விரும்புவதையே ஊரவரும் தமது வரலாறாகக் கொள்ளும் நிலை கண்டிக்கற்பாலது.

பருத்தித்துறைத் தும்பளை வீதியிலுள்ள தெருமூடிமடத்தை எடுத்துக்கொள்வோம். தெருவையே மூடி நிற்கும் இம்மடத்தின் தூண்களுக்கிடையே போக்குவரத்து நிகழ, இருமருங்குமுள்ள திண்ணைகளில் வழிப்போக்கர் இளைப்பாறினர். சுமைதாங்கி, பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் உதவியது. கேணியும் தண்ணீர்த்தொட்டியும் மாடுகளின் தாகம் தீர்த்தன. ஆவுரோஞ்சிக்கல் அவற்றின் தினவு தீர்த்தது. இவை யாவும் லொறிகள் வருமுன் நிலவிய போக்குவரத்து முறையொன்றின் இணைந்த உறுப்புகள். இன்று எடுக்கப்படும் படங்களோ சுமைதாங்கியைத் தனித்த கல்லாக, பழம்பொருளாகக் காட்டுகின்றன. அது எவ்வீதியில், எச்சந்தைக்குச் செல்லும் வழியில் நின்றது என்பது படத்திலும் இல்லை, குறிப்பிலும் இல்லை. தொடர்பை இழந்த சான்று வெறும் அலங்காரமாகிவிடுகின்றது.

குடாநாட்டின் ஒழுங்கையை உருவாக்கியது வேலியாகும். கிளுவையும் பூவரசும் கதிகாலாக நிற்க, கிடுகோ பனையோலையோ கொண்டு அடைக்கப்பட்ட வேலி, காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்பட்டது. அதன் பின்னே கிடுகு பின்னுவோரின் உழைப்பும், காணி எல்லை பற்றிய வழக்குகளும், பெண்களை மறைத்து வைக்கும் ஒழுக்கமும் இருந்தன. சீமெந்து மதில் வந்தபோது தெருவின் தோற்றத்துடன் இவ்வுறவுகளும் மாற்றமுற்றன. ஒரே ஒழுங்கையை ஒரே இடத்தில் நின்று பத்தாண்டுக்கொருமுறை எடுத்திருந்தால், அம்மாற்றத்தை எந்த அறிக்கையினும் தெளிவாக அறிந்திருப்போம்.

எனினும் புகைப்படத்தின் எல்லையையும் மறத்தலாகாது. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்திற்காகப் போராடியோர் எதிர்த்த தடை, கோயில் வீதியின் அழகிய படமொன்றிலே தென்படாது. யார் அவ்வீதியில் நடக்கலாம், யார் எக்கிணற்றில் நீர் அள்ளலாம் என்பதைக் கருவி தானாகக் கூறாது. அதனை அங்கு வாழ்ந்தோரின் வாய்மொழியே கூறும். எனவே வாய்மொழியோடு சேராத படத்தொகுப்பு, ஒடுக்குமுறையை மறைத்து இனிய பழமையை மட்டும் காட்டும் அபாயம் உண்டு.

போர்க்காலம் இப்பிரச்சினையை மேலும் கூர்மைப்படுத்தியது. 1981 இல் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1990 இல் கோட்டையும் அதனுள்ளிருந்த ஒல்லாந்தர் தேவாலயமும் சிதைந்தன. இவற்றின் படங்கள் உலகெங்கும் அறியப்பட்டன. ஆனால் அதே 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபின் வெறிச்சோடிய சோனகத்தெருவின் வீடுகளை, ஆண்டும் காரணமும் குறியாது படமாக்கினால், அவை பொதுவான போர் இடிபாடுகளாகவே வாசிக்கப்படும். அங்கு வாழ்ந்தோர் இரண்டாம் முறையும் வெளியேற்றப்படுவர். 1995 இடப்பெயர்விலோ பல குடும்பங்களின் புகைப்பட அல்பங்களே தொலைந்தன. தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட முற்றுப்பெறாத தோம்பு பற்றிய நூலில், இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளின் தளப்படங்களை நினைவிலிருந்தே வரைந்தனர். பதிவேடும் படமும் கைவிட்ட இடத்தில் நினைவே ஆவணமாக வேண்டியிருந்தது என்பதை இம்முயற்சி உணர்த்துகின்றது.

ஆதலின் செய்யவேண்டியது யாது? முதலாவது, எடுக்கப்படும் ஒவ்வொரு படத்திற்கும் ஊர், வீதி, நோக்கிய திசை, நாள் ஆகியன எழுதப்படல் வேண்டும். இரண்டாவது, எஞ்சியுள்ள குடும்பப் படங்களின் பின்னணியை ஆராய்தல் வேண்டும். கலியாண ஊர்வலப் படமொன்றில் மணமக்களுக்குப் பின்னே தெரியும் கடைப் பலகையும் வேலியும் வரலாற்றுச் சான்றாகும். மூன்றாவது, 2005 இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகம் போன்றவை அச்சேடுகளைப் பேணும் அதே முறைமையுடன், தெருக்களின் படங்களும் அவற்றை அறிந்தோரின் கூற்றுகளும் ஒருங்கே பேணப்படுதல் வேண்டும். படத்திலுள்ள ஒழுங்கையைப் பெயர் சொல்லிக் காட்டவல்ல முதியோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் மறைந்தபின் சேர்க்கப்படும் படங்கள், எத்துணை மிகுதியாயினும், பெயரற்ற தெருக்களின் தொகுதியாகவே எஞ்சும்.